கவர்மெண்டு போட்ட மொய்

எங்கள் மருந்தாளுநர் சங்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து போன மாதம் ஒரு பட்டிமன்றம் நடத்தினார்கள். ‘ஏறிக்கொண்டே போகும் மருந்துச் செலவைச் சுமக்க வேண்டியது அரசா, குடும்பமா?’ என்று தலைப்பு. ஓய்வுபெற்று வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், வாயும் கொஞ்சம் நீளம் என்று என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். அரசுதான் என்று மேசையைத் தட்டிப் பேசிய தம்பி, தன் வீட்டுக்கு ஒரு தலைவலி மாத்திரைகூட அரசு ஆஸ்பத்திரியில் வாங்காதவன். குடும்பம்தான் என்று கண்கலங்கப் பேசிய பெண், மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கு யார் காசு கொடுப்பது என்ற சண்டையில் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். இருவருமே நன்றாகப் பேசினார்கள், நானும் கைதட்டினேன்.

கடைசியில் மைக் என் கைக்கு வந்தது. தீர்ப்பு என்று ஒன்றும் வாயில் வரவில்லை. “செல்லக்கண்ணு என்று ஒருவர்...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் சமையல்காரர் கதவோரம் வந்து, பந்தி விரித்தாயிற்று என்று சைகை காட்டினார். கூட்டம் எழுந்துவிட்டது. முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்த ஷர்மிளா பக்கத்தில் வந்து, “கோவிச்சுக்காதீங்க மேடம். அந்தச் செல்லக்கண்ணு கதைய எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போட்டுருவோம்” என்றாள். சாப்பாட்டோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் உலகத்தில் கிடையாது, அதனால் எனக்குக் கோபமில்லை. எழுதுகிறேன்.

நான் பொன்னமராவதிக்காரி. பெயர் மரகதம். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெண்ணுக்கு எடை போடத் தெரிகிறது, பொட்டலம் மடிக்கத் தெரிகிறது, கணக்கிலும் மதிப்பெண் இருக்கிறது, பிறகென்ன என்று மருந்தாளுநர் படிப்பில் சேர்த்துவிட்டார். மதுரையில் இரண்டு வருடம். அதில் பாதி மருந்துகளின் பெயரை உருப்போடுவதிலும், மீதி விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடுவதிலும் கழிந்தது. படிப்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில். சுற்றிலும் முந்திரிக்காடு. அங்கே அஞ்சலை என்று ஒரு முந்திரி வியாபாரி அம்மா வருவார். காய்ச்சல், உடம்பு வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். பிறகுதான் தெரிந்தது, நான் கொடுக்கிற மாத்திரை முழுக்க அவர் வீட்டுக் கோழிகளுக்குப் போகிறது. தனக்கு என்றால் கடைவீதி மெடிக்கல்ஸில் காசு கொடுத்து வாங்குகிறார். ஒருநாள் அவரை உட்கார வைத்து, கடையில் வாங்கிய பட்டையையும் எங்கள் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. எங்கள் பட்டையில் மட்டும் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும்.

அஞ்சலையம்மா இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். “நீ சொல்றது சரித்தான் ஆத்தா. ஆனா காசு குடுத்து வாங்குனாத்தான் நோவு கொஞ்சம் பயப்படுது” என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. கோழிகள் நன்றாகத்தான் இருந்தன.

அதற்குப் பிறகு பல ஊர்கள், பல கவுண்டர்கள். ஓய்வுக்குச் சில வருடங்களுக்கு முன்பு ஆலங்குடிக்குக் கிழக்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். கிழக்குப் பக்கம் என்றால் பூவும் பலாவும். காலையில் பஸ்ஸில் ஏறினால் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டுதான் வர வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி மணத்தோடு வந்து டிஞ்சர் வாசனைக்குள் நுழைவேன். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான்.

சந்தோஷத்துக்குப் பாதிக் காரணம் எங்கள் பெரிய டாக்டர் தணிகாசலம். இலுப்பூர்க்காரர். ஆள் ஆறடி, குரல் அரையடி. திட்டினால்கூடப் பக்கத்தில் போய்க் காது கொடுத்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளி நின்றுகொண்டிருந்தால் தானும் எழுந்து நிற்பார். அதனாலேயே எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லா நோயாளிகளுக்கும் உட்கார ஸ்டூல் கிடைத்தது. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். யோசனை வந்தால் ஒன்று வாயில் போடுவார், பெரிய யோசனை என்றால் இரண்டு.

அவரிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. மருந்து கொடுக்கும் இடத்தில் யாரும் ‘இலவசம்’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்று மாலை எல்லோருக்கும் தன் செலவில் வடை வாங்கிவர வேண்டும். ஏன் சார் என்று கேட்டேன். “எலவசம்னு சொன்னா வாங்குறவுக தலை குனியுது, குடுக்குறவுக தலை நிமிருது. ரெண்டுமே கழுத்துக்கு ஆகாது மரகதம்மா” என்றார். முதல் மாதம் நான் வடைக்கே அழுதேன். பிறகு நாக்கு பழகிவிட்டது. ‘ஒங்க மருந்து’ என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

மருந்து கொடுப்பதிலும் அவருக்குத் தனி முறை உண்டு. மாத்திரைப் பட்டையின் ஒரு முனையில்தான் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். பாதிப் பட்டை கொடுக்க வேண்டி வந்தால் தேதி இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும், தேதி உள்ள துண்டு அலமாரியிலேயே இருக்க வேண்டும். வெட்டிய துண்டை உறையில் போட்டு, மேலே மருந்தின் பெயரையும் தேதியையும் தமிழில் எழுதி, காலைக்கு முழுச் சூரியன், மதியத்துக்கு உச்சிச் சூரியன், இரவுக்குப் பிறை என்று படம் போட வேண்டும். பிறகு நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். “சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்லாதீங்க. இங்க நெறையப் பேரு பூ எடுத்துட்டுப் பதினோரு மணிக்குத்தான் சாப்பிடுறாக. என்னைக்கு, எப்ப, என்ன சாப்பிடுறீங்கன்னு மொதல்ல கேளுங்க” என்பார். வரிசை நீளும். ஆனால் எங்கள் ஊரில் மாத்திரை கோழிக்குப் போகவில்லை.

இனிச் செல்லக்கண்ணுவுக்கு வருகிறேன்.

ஐம்பது வயது இருக்கும். மல்லிகைத் தோட்டம், நாலைந்து பலாமரம், ஒரு பழைய டிராக்டர். சிரித்தால் கவுண்டர் கண்ணாடி அதிரும். அவருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகுகிற ஒரு வகைப் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் கண்டுபிடித்திருந்தார்கள். ஊசி, ஆபரேஷன் எதுவும் வேண்டாம்; தினம் ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. போட்டுக்கொண்டே இருந்தால் நோய் அடங்கிக் கிடக்கும், ஆள் வயலுக்குப் போகலாம், சிரிக்கலாம். விட்டால் நோய் தலைதூக்கும். பிறகு அடக்குவது கஷ்டம்.

மாத்திரையை அவர் டவுனில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் மாதம் ஒருமுறை எங்களிடம் வருவார். அந்த மாத்திரையோ ஒவ்வொரு தடவையும் பட்டையின் முதுகில் விலை கூடி வந்தது. அவர் வைத்திருந்த காப்பீடு படுக்கையில் படுத்தால்தான் பணம் கொடுக்கும். நடந்து வந்து மாத்திரை வாங்குகிறவருக்குக் கிடையாது. படுக்காமல் இருப்பதற்குத்தானே மாத்திரை என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு சித்திரை மாதப் பரிசோதனையில் வெள்ளணு ஏறியிருந்தது. வைகாசியில் இன்னும் ஏறியது. டாக்டர் இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “நான் கேட்டா டாக்டருக்குச் சொல்ற பதிலத்தான் சொல்லுவாரு. நீங்க அந்த வீட்டம்மாகிட்டக் கேளுங்க” என்றார்.

செல்லக்கண்ணுவின் மனைவி பூமயில் பூக்கூடையோடு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒரு நா விட்டு ஒரு நா போடுறாருக்கா. நான் பாத்துக் கேட்டா, ஒடம்பு நல்லாத்தான இருக்கு, எதுக்கு வெலையக் குடுத்து வாங்கித் தெனம் முழுங்கணுங்கிறாரு.”

“ஒங்க பக்கத்துல ஒதவ யாரும் இல்லையா?”

“எந் தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். மாசா மாசம் நான் அனுப்புறேன் அத்தான்னு அவன் அனுப்புனத இவரு திருப்பி அனுப்பிட்டாரு. மச்சினன் காசுல உசுரு வச்சுக்கிட்டு அவன் முன்னாடி எப்புடி உக்கார்றதுங்கிறாரு. அவரு அண்ணன் நெலத்த ஒத்திக்கு வைக்கிறேன்னாரு. அதுக்கும் சண்ட.”

“எங்ககிட்டச் சொன்னா வரவழைச்சுத் தருவோம்ல?”

பூமயில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆயிரம் எலை போட்டு விருந்து வச்ச மனுசன்க்கா. சும்மா குடுக்குறதுக்குக் கியூவுல நிக்க மாட்டாரு.”

எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கொடுக்க மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள், வாங்க ஒருவர் தயாராக இல்லை. பட்டிமன்றத்தில் ‘யார் கொடுப்பது’ என்றுதான் தொண்டை கிழியப் பேசினார்கள். வாங்குகிறவர் மனசுக்கு ஓர் அணி இல்லவே இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். “மொதல்ல மாத்திரைய இங்க கொண்டாந்து வைப்போம். ஆள அப்புறம் கொண்டாருவோம்” என்றார். அது சொல்லுகிற அளவுக்கு லேசில்லை. எங்கள் மாதிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மருந்துப் பட்டியலில் அது கிடையாது. தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு. டாக்டர் அங்கே பேசினார், எழுதினார். நான் நோய்ச் சான்று, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “இந்த மாத்திரையெல்லாம் உங்க ஊருக்கு எதுக்கும்மா?” என்றார். “நோய் ஊரோட தகுதி பாத்து வர்றதில்ல சார்” என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அடுத்த முறை போனபோது ஒரு மாதத்து மாத்திரை கைக்கு வந்தது. பஸ்ஸில் அந்தப் பையை மடியிலிருந்து இறக்காமல், பச்சைக் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்தேன்.

மாத்திரை வந்துவிட்டது, ஆள் வரவில்லை. பூமயிலிடம் சொல்லி அனுப்பினோம். “பாப்போம், பாப்போம்” என்றாராம். பட்டைகள் அலமாரியில் கிடந்தன. ஒவ்வொரு தடவை அலமாரியைத் திறக்கும்போதும் அவற்றை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். ஒருநாள் டாக்டர், “ஆடி முடியிறவரைக்கும் பாப்போம். அப்புறம் தஞ்சாவூருக்குத் திருப்பிக் குடுத்துரணும் மரகதம்மா. அங்க இதுக்கு இன்னொருத்தரு காத்துக்கிட்டிருக்காரு. நம்ம பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கக் கூடாது” என்றார். நியாயம்தான். அவரும் அதைச் சொல்லிவிட்டுக் கடலையை வெளியே எடுக்காமல் பையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆடியில்தான் எங்கள் வாட்ச்மேன் சவரிமுத்து என்னை ஒரு மொய் விருந்துக்கு அழைத்துப்போனார். மேற்கே எங்களுக்கு மொய் என்றால் கல்யாணத்தில் கவரில் வைத்துக் கொடுப்பது. இந்தப் பக்கத்துக் கதை வேறு. கல்யாணமும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. விருந்து, மொய், அவ்வளவுதான். கிணறு வெட்டவோ மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவோ பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து ஊரை அழைத்துக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் போடுவார்கள். வட்டி கிடையாது. ஆனால் போட்டவர் விருந்து வைக்கிற நாளில் வாங்கியதைத் திருப்பிப் போட வேண்டும், அதற்கு மேல் புதிதாகவும் கொஞ்சம் போட வேண்டும். வாங்கிவிட்டு நழுவுகிறவனை ‘மொய் முழுங்கி’ என்பார்கள். அந்தப் பெயர் வாங்கினால் அப்புறம் ஊரில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது என்று சவரிமுத்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பந்தலில் ஒருவர் நின்று, மொய் போட்டவர் பெயரையும் தொகையையும் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். வாங்குகிற வீட்டுக்காரர் வாசலில் வெள்ளை வேட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி நின்று எல்லோரையும் கும்பிட்டார். பணம் வாங்குகிறவர் முகத்தில் இவ்வளவு களையை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதுதான் என் காதில் விழுந்தது: “செல்லக்கண்ணு...” என்று ஒரு பெயர், அதைத் தொடர்ந்து ஒரு பெரிய தொகை. கேட்டதும் கறியைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

கை கழுவுகிற குழாயடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்ணே, மாத்திரைய ஒரு நா விட்டு ஒரு நா போடுறீங்க. மொய்யயும் அதே மாதிரி ஒரு ஆள விட்டு ஒரு ஆளுக்குப் போட வேண்டியதுதான?”

செல்லக்கண்ணு சிரிக்கத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “அது வேற மருந்தம்மா. நான் போர்க் கெணறு போட்டப்ப இவரு எனக்கு மொய் போட்டவரு. திருப்பிப் போடலைன்னா மொய் முழுங்கிம்பாக.”

எனக்குக் கோபம் வந்தால் வாய் எனக்கு முன்னால் ஓடும். அன்றைக்கும் ஓடியது.

“அப்ப கவர்மெண்டு மொய் முழுங்கியா?”

“என்னம்மா சொல்றீக?”

“டிராக்டருக்கு டீசல் ஊத்துறீங்க. சோப்பு வாங்குறீங்க, டயர் வாங்குறீங்க, பூவ ஏத்திக்கிட்டு பஸ்ஸுல போறீங்க. எல்லாத்துலயும் கவர்மெண்டுக்குன்னு ஒரு பங்கு போகுதுல்ல? இத்தன வருசமா நீங்க போட்ட மொய்தான அது? இன்னைக்கு ஒங்களுக்குத் தேவை வந்திருக்கு. அது திருப்பிப் போட வந்து எங்க அலமாரியில காத்துக் கெடக்கு. நீங்க கைய நீட்ட மாட்டேங்குறீங்க. குடுக்க வந்தவனப் போயி மொய் முழுங்கி ஆக்குறது நீங்கதான்.”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். செல்லக்கண்ணு ஈரக்கையை உதறாமல் அப்படியே நின்றார். பிறகு குழாயை மூடினார்.

“நாயந்தேன்” என்றார்.

எனக்கு உள்ளுக்குள் மனசு ஒரு குதி குதித்தது. “அப்ப நாளைக்கு வாங்க.”

“எப்புடிம்மா வர்றது? விருந்து வைக்காம மொய் வாங்குனா ஊரு காறித் துப்பாதா?”

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கள்கிழமை காலையில் செல்லக்கண்ணு வெள்ளை வேட்டி, துண்டு, பூமயில், ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு சகிதமாக டாக்டர் அறைக்குள் நுழைந்தார். டாக்டர் எழுந்து நின்றார்.

“வர்ற பொதங்கெழம நம்ம விருந்து. கவர்மெண்டு தவறாம வந்து சாப்பிட்டு, மொய்யப் போடணும்” என்று தாம்பாளத்தை நீட்டினார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. “மரகதம்மா, கவர்மெண்டு சார்புல வெத்தல வாங்குறதப் பத்தி விதியில ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார்.

“வெத்தலையப் பத்தி ஒண்ணும் இல்ல சார்.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு தயங்கி, “ஆனா ஐயா, நோயாளிகிட்ட நாங்க ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது. அதுக்கு விதி இருக்கு. விருந்து எப்படிச் சாப்பிடுறது?” என்றார்.

“கவர்மெண்டு சாப்பிடலைன்னா நான் மொய் வாங்க மாட்டேன் சார்.” செல்லக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டார். ஆடி முடிய அப்போது ஒரு வாரம்கூட இல்லை. பூமயில் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன்.

டாக்டர் பையிலிருந்து ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கை நிறையக் கடலை எடுத்தார். நிதானமாக மென்று முடித்தார். “கவர்மெண்டுன்னா யாருய்யா? நானா? வார்டுல படுத்திருக்காகளே, கூடமாட வந்து தரையில படுத்துக் கெடக்காகளே, வெளிய சீட்டோட நிக்கிறாகளே, அவுக போட்ட மொய்யும் சேந்துதான் ஒங்க மாத்திரை. அவுக சாப்பிட்டா கவர்மெண்டு சாப்பிட்ட மாதிரித்தான்” என்றார்.

செல்லக்கண்ணு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வரிசை வாசல் கேட் வரை நின்றது. “பெரிய கவர்மெண்டாத்தேன் இருக்கு” என்றார். “சரி. ரெண்டு கெடாயா அடிச்சுருவோம்.”

அந்தப் புதன்கிழமையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வளாகத்துப் புங்கமரத்தடியில் பந்தல். பிரசவத்துக்கு வந்தவளின் மாமியாரும், கைக்கட்டோடு வந்த கொத்தனாரும், காய்ச்சல்காரர்களின் சொந்தக்காரர்களும் வரிசையாக இலை முன் உட்கார்ந்தார்கள். செல்லக்கண்ணு ஒவ்வொருவரிடமும் போய், “நல்லாச் சாப்பிடுங்க, கவர்மெண்டு வயிறு காயக் கூடாது” என்று உபசரித்தார். பந்தியில் இருந்த பாதிப் பேருக்கு அவர் சொல்வது புரியவில்லை, ஆனால் கறி புரிந்தது. டாக்டர் பின்னால் நடந்துவந்து, “ஒங்களுக்குக் கறி வேணாம், ரசம் மட்டும்” என்று சிலரை அரைக் குரலில் தடுத்தார். நான் ரத்த அழுத்தக்காரர்களின் இலைகளிலிருந்து ஊறுகாயைப் பிடுங்கினேன். ஒரு பெரியவர் என்னை முறைத்தபடி அப்பளத்தை மடியில் ஒளித்துக்கொண்டார்.

கடைசியில் டாக்டரும் நானும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு டிபன் பாக்ஸை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் செல்லக்கண்ணு போட்ட இலையில் கவிழ்த்தோம். “எலை ஒங்களுது, சோறு எங்களுது. விதிக்கும் சரி, விருந்துக்கும் சரி” என்றார் டாக்டர். என் பாக்ஸில் அன்று பார்த்து வெறும் தயிர்ச்சோறு. சுற்றிலும் கறி மணக்க மணக்க நான் சாப்பிட்ட அந்தத் தயிர்ச்சோற்றுக்கு எந்த விருந்தும் ஈடில்லை.

செல்லக்கண்ணுவும் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். உறையில் பெயர் எழுதி, உச்சிச் சூரியனைப் படம் போட்டு, தட்டில் வைத்து எடுத்து வந்தேன். அவர் வாங்கவில்லை. “முறைப்படி சொல்லணும்ல?” என்றார். யாருக்கும் புரியவில்லை. சவரிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து, வேலியோரம் மேய்ந்த ஆடு திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்:

“கவர்மெண்டு! மாத்திரை முப்பது!”

செல்லக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தி இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பூமயில் பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் ஒரு மாத்திரையை எடுத்து, எல்லோருக்கும் காட்டி, வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். கைக்கட்டோடு இருந்த கொத்தனார் தொடையில் தட்டிக் கைதட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஊறுகாய் காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

நடுவர் தீர்ப்பு எங்கே என்று கேட்பீர்கள். தேவை ஒருவருக்கு ஒரு சமயம் வரும், இன்னொருவருக்கு வேறு சமயம் வரும். முடிகிறபோது எல்லோரும் போட வேண்டும், தேவைப்படுகிறபோது தலைநிமிர்ந்து வாங்க வேண்டும். கிழக்குப் பக்கத்துப் பூக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. வருடா வருடம் விலையை ஏற்றுகிறார்களே, அவர்களையும் ஒருநாள் பந்தியில் உட்கார வைத்து, நீங்கள் யாருக்கு என்ன மொய் போட்டீர்கள் என்று மைக்கில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. அதற்குச் சவரிமுத்துவின் குரல்தான் சரி.

அடுத்த மாதப் பரிசோதனைக்குச் செல்லக்கண்ணு வந்தார். வெள்ளணு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் முடிவைப் படித்துக் காட்டியும் அவர் முகம் தெளியவில்லை. பூமயில் முழங்கையால் இடித்ததும்தான் வாயைத் திறந்தார்.

“ஒரு சந்தேகம் சார். இந்த மாசத்து மொய்க்கு விருந்த என்னைக்கு வச்சுக்குறது? வீட்டுல கெடா ஒண்ணுதான் மிச்சம் இருக்கு.”

டாக்டர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். “ஒருக்க வச்ச விருந்து போதுமய்யா. கவர்மெண்டு ஒங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அதிகம். ஒரே தடவையில போட முடியாது. மாசா மாசம் கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுத் தீக்கும்.”

“தீக்குறதுன்னா...” செல்லக்கண்ணு நிறுத்தினார். “எம்புட்டு நாளைக்கு சார் போடும்?”

நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. பூமயில் கூடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஸ்டூலை இழுத்து அவருக்கு நேராக உட்கார்ந்தார்.

“அது நீங்க இதுவரைக்கும் எம்புட்டுப் போட்டிருக்கீங்கங்கிறதப் பொறுத்தது.”

செல்லக்கண்ணு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். டிராக்டர் வாங்கியது, டயர் மாற்றியது, போர் மோட்டார், உர மூட்டை, தினசரி பூ ஏற்றிப் போன பஸ். ஒரு கை விரல்கள் முடிந்து, மறு கையும் முடிந்தது. மறுபடியும் முதல் விரலுக்கு வந்தார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏ பூமயிலு, நான் இப்போதைக்குப் போக மாட்டேன் போல இருக்கே. டீசலுக்கே எக்கச்சக்கமாக் கெடக்கு.”